நாலாவது பல்

பட்டறையில் அவனுக்குப் ‘பதினஞ்சு’ என்று பெயர். அம்மா வைத்த பெயர் கழுத்தில் தொங்கும் அட்டையில் ஓர் எழுத்து குறைவாக அச்சாகியிருந்தது. அதை யாரும் படிப்பதில்லை. அவன் சோதிக்கிற வால்வுக்குள் அழுத்தம் ஏற்றி மூடிவிட்டால் அது பதினைந்து நிமிடம் இறங்காமல் நிற்க வேண்டும். பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் தாள் மெல்ல நகரும், ஊசி அதன்மேல் நீல மையில் கோடு போட்டுக்கொண்டே வரும். கோடு நேராகப் போனால் வால்வு தேறியது என்று கையெழுத்துப் போடலாம்.

மற்றவர்கள் அழுத்தம் ஏற்றிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய், பதினான்காவது நிமிடத்தில் வாயைத் துடைத்துக்கொண்டு வருவார்கள். இவன் அசைய மாட்டான். முழங்காலில் கை வைத்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் யாருக்காகவோ காத்திருப்பவனைப்போல, கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒருமுறை மூக்கின்மேல் ஈ உட்கார்ந்தும் அவன் ஓட்டவில்லை என்று வால்வுகளை மரப்பெட்டியில் வைத்து ஆணி அறைகிற, பெட்டி அடிக்கிற அக்கா பட்டறை முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

“டேய் பதினஞ்சு, உன் பொண்டாட்டியா வரப்போறவ பாவம்டா. அவ கோச்சுக்கிட்டு மூஞ்சியத் தூக்கி வச்சாலும், கோணாம இருக்கான்னு பாத்துட்டே உக்காந்திருப்ப.”

“கோணாம இருந்தா கையெழுத்துப் போட்ருவேன்க்கா.”

ஊரை விட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அவனுடைய சொந்த அக்காவின் வீட்டுக்காரர் அங்கே வால்வு பாகங்களைப் பொருத்துகிறவர். அவர் சொல்லித்தான் வேலை கிடைத்தது, அவர் வீட்டு ஹாலில்தான் படுக்கை. மூன்றாவது மாடியில் கம்பெனி கொடுத்த வீடு. ஜன்னல்கள் நான்கு விரல் அளவுக்குத்தான் திறக்கும். அதற்குமேல் போகாதபடி கம்பி அடித்திருந்தார்கள். சமையலறைக் கதவின் தலையில் ஒரு ஸ்பிரிங் கை. விட்டால் படாரென்று தானே சாத்திக்கொள்ளும். தீப்பிடித்தால் புகை பரவாமல் இருக்கவாம். ‘இந்தக் கதவைத் திறந்தபடி நிறுத்தக் கூடாது’ என்று அதில் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

முதல் வாரம் மாமா பாடம் எடுத்தது அந்தக் கதவை வைத்துத்தான்.

“இங்க பாரு மாப்ள. நான் கையால தள்ளிப் புடிச்சிருக்கேன், திறந்திருக்கு. கைய எடுத்தா?” எடுத்தார். படார். “அவ்வளவுதான் நம்ம வால்வு. எரிவாயுக் கிணத்துல குழாய் போகுதில்ல, அதுல ரொம்ப ஆழத்துல இத வச்சிருவாங்க. உள்ள உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கதவு, ஒரு ஸ்பிரிங். மேலேருந்து ஒரு சின்னக் குழாய் வழியா எண்ணெய அழுத்திக்கிட்டே இருக்கணும். அந்த அழுத்தம்தான் என் கை. மேல தீப்புடிச்சுது, ஏதோ உடைஞ்சுதுன்னு வையி, அழுத்தம் போயிரும். கதவு தானா சாத்திக்கும். வாயு கீழயே நிக்கும், மேல உள்ளவன் பொழைச்சுக்குவான். மூடறதுக்கு யாரும் வேணாம். திறந்து வைக்கத்தான் ஆள் வேணும்.”

“அந்த ஆள் நீங்கதான்னா கதவப் புடிங்க,” என்று உள்ளேயிருந்து அக்கா கத்தினாள். “கையில கொதிக்கிற பாத்திரம்.”

பல் என்பது மாமாவின் கண்டுபிடிப்பு. சோதித்து முடித்த வால்வுக்குள் தண்ணீர் தங்கும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அது போய் உட்காருகிற விளிம்பைத் துணியால் ஒற்றி எண்ணெய் பூச வேண்டும். ஸ்பிரிங் சும்மா இருக்காது, விரலைக் கடிக்கும். இதற்கென்று கம்பெனி கொடுத்த பித்தளைக் கொக்கியோ விளிம்பைக் கீறியது. மயிரிழைக் கீறல் போதும், முழு வால்வையும் கழற்றிப்போட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் காய் வெட்டும் பலகையில், வெள்ளை பிளாஸ்டிக் பலகை அது, ஓர் ஓரத்தை அறுத்துச் சுண்டுவிரல் நீளத்தில் நான்கு ஆப்புத் துண்டுகள் செய்தார். வெள்ளையாக இருந்ததால் ‘பல்’ என்று அவரே பெயரும் வைத்தார். கதவைத் திறந்து இடுக்கில் ஒரு பல்லைச் சொருகினால் அப்படியே நிற்கும். வேலை முடிந்ததும் உருவிவிட வேண்டும். எட்டு மாதத்தில் ஒரு விளிம்புகூடக் கெடவில்லை என்று கம்பெனி மாமாவுக்குச் சான்றிதழ் கொடுத்தது. அதைக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டியிருந்தார். எதனால் கெடவில்லை என்று கம்பெனி கேட்கவில்லை, மாமாவும் சொல்லவில்லை.

அந்தப் பட்டறைக்குள் எண் இல்லாத பொருள் நுழையக் கூடாது. ஸ்பானரிலிருந்து தூரிகை வரை எல்லாவற்றிலும் எண் வெட்டியிருக்கும். மாலையில் எல்லாம் சுவர்ப்பலகையில் அதனதன் இடத்துக்குத் திரும்பியதா என்று பார்த்த பிறகுதான் பட்டறையைப் பூட்டுவார்கள். வால்வுக்குள் எதுவும் தங்கிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. வீட்டில் செய்த ஸ்பானரோடு வந்த ஒரு கடைசல்காரனை அன்று மதியமே அனுப்பிவிட்டார்கள். பற்களுக்கு எண்ணும் கிடையாது, சுவரில் இடமும் கிடையாது. மாமாவின் கீழ் டிராயரில் ஒரு பழைய காலுறைக்குள் கிடந்தன. மாலையில் அவற்றை எண்ணிப் போடுவது பதினஞ்சின் வேலை.

வியாழக்கிழமை மாலை எண்ணினான். மூன்று.

காலுறையை உதறினான். உள்பக்கத்தை வெளியே திருப்பினான். மேசைக்கடியில் படுத்துப் பார்த்தான். குப்பைக் கூடையைக் கவிழ்த்து, எண்ணெய்த் துணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தான். பின்னால் பெட்டி அடிக்கிற அக்கா கடைசிப் பெட்டிக்கு ஆணி அறைந்துகொண்டிருந்தாள். ஒரே கிணற்றுத் திட்டத்துக்குப் போகிற ஆறு வால்வு, ஆறு நீளப் பெட்டி. ஆணிக்கு மேல் ஈய முத்திரை. மறுநாள் காலை பத்து மணிக்கு லாரி.

“என்னத்தடா தேடுற? பொண்ணு போட்டோவா?”

“இல்லக்கா, பேனா.”

“காதுல இருக்கு பாரு.”

காதில்தான் இருந்தது.

கம்பெனி பஸ்ஸில் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்குவதுபோல் கண்ணை மூடியிருந்தார். கண்ணாடியில் மழைத் தண்ணீர் குறுக்கும் நெடுக்குமாக ஓடியது. சொல்ல வாயைத் திறந்தபோதெல்லாம் முன் இருக்கையில் யாரோ திரும்பினார்கள்.

வீட்டில் அக்காவுக்கு எட்டாவது மாதம். லிஃப்ட் கெட்டு மூன்று வாரம். படி ஏறி இறங்கக் கூடாது, விமானத்தை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று வாரமாக அவள் தெருவைப் பார்த்தது ஜன்னலின் நான்கு விரல் இடுக்கு வழியாகத்தான். யார் உள்ளே நுழைந்தாலும் முதல் கேள்வி, “வெளிய என்ன விசேஷம்?”

“ஒண்ணுமில்ல.”

“தினம் ரெண்டு பேர் போய்ட்டு வர்றீங்க. ஒரு சண்டை, ஒரு நாய்க்குட்டி, எதையாவது பாத்துட்டு வந்து சொல்லக் கூடாதா? பொய்யாவது சொல்லுங்களேன்.” கதவைக் குதிகாலால் தள்ளிப் பிடித்து, வயிற்றைப் பக்கவாட்டில் திருப்பி, சோற்றுப் பாத்திரத்தோடு வெளியே வந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. “சனியன். ஒரு நாள் என் இடுப்ப உடைக்கத்தான் போகுது.”

குழம்பெடுக்க அவள் மறுபடி உள்ளே போனதும் அவன் சொன்னான்.

“மாமா. மூணு பல்லுதான் இருக்கு.”

மாமாவின் கை தட்டின்மேல் நின்றது. “சரியா பாத்தியா?”

“குப்பையக்கூடக் கொட்டிப் பாத்துட்டேன். மாமா, இன்னைக்கு மத்தியானம் சங்கு ஊதினாங்கல்ல, தீ ஒத்திகைன்னு? அப்ப நீங்க அஞ்சாவது வால்வ தொடச்சிட்டு இருந்தீங்க. அப்படியே போட்டுட்டு ஓடினோம். வெளிய அரை மணி நேரம் வரிசையில நின்னோம். திரும்பி வந்ததும் நீங்க நேரா ரெண்டு பக்கமும் மூடியத் திருகிட்டீங்க.”

“எண்ணெய் பூசிட்டுத்தான் திருகினேன்.”

“பல்ல உருவுனீங்களா?”

மாமா பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது.

“யாருக்குடா மூணு பல்லு?” என்றாள் அக்கா.

“பட்டறையில ஒரு சக்கரத்துக்குக்கா.”

“மூணு பல்லு வச்சு எப்படிச் சுத்தும்?”

“அதான் சுத்தல.”

“நல்ல பட்டறை,” என்று குழம்பை வைத்துவிட்டு, அப்பளம் கருகுகிறது என்று திரும்பி ஓடினாள். படார்.

மாமா தாழ்ந்த குரலில் பேசினார். “கிணத்துல இறக்கறதுக்கு முன்னாடி அவங்களும் பாப்பாங்க மாப்ள.”

“எண்ணெய ஏத்தி இறக்கிப் பாப்பாங்க. ஊசி ஏறும், இறங்கும், சரின்னுடுவாங்க. கதவு மூடுச்சான்னு குழாய்க்குள்ள யாரு தலைய விட்டுப் பாக்கப் போறா? அதுக்குத்தானே நம்ம கையெழுத்து. டார்ச் கிட்ட சொல்லிடலாம் மாமா. பெட்டியத் திறந்து பாத்துடலாம்.”

டார்ச் அவர்களுடைய சூப்பர்வைசர். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு சின்ன டார்ச் லைட் இருக்கும். பேசும்போது அதைத் தட்டிக்கொண்டே இருப்பார்.

“என்னன்னு சொல்லுவ? எங்க வீட்டு வெங்காயப் பலகையில ஒரு துண்டு உங்க வால்வுக்குள்ள கெடக்குன்னா?” மாமா சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “அங்கயே அட்டையக் கழட்டிக்குவான். வேலை போனா முப்பது நாள்ல நாட்ட விட்டுப் போயிடணும். வீடு கம்பெனி வீடு. உங்க அக்காவ இந்த வயித்தோட எங்க கொண்டுபோய் உக்கார வைப்ப? விமானத்துல ஏத்த மாட்டாங்க. இங்க இருக்கவும் விட மாட்டாங்க. நடுவுல எங்கடா இருக்கு இடம்? நீயே சொல்லு.”

அவன் சுவரைப் பார்த்தான். சான்றிதழ்க் கண்ணாடியில் டியூப் லைட் நெளிந்தது.

“கிணத்துல ஆளுங்க இருப்பாங்களே மாமா.”

“எனக்குத் தெரியாதாடா? உனக்குச் சொல்லிக் குடுத்தவனே நான்தான்.” தட்டைத் தள்ளி வைத்தார். சோறு பிசைந்தபடியே இருந்தது. “நாளைக்கு முதல் பஸ்ல போய் டிராயரயே கழட்டிப் பாக்கறேன். அங்கதான் எங்கயாவது விழுந்திருக்கும். நீ வாயத் திறக்காத.”

காலையில் அக்காவின் குரல்தான் அவனை எழுப்பியது. மாமா போய்விட்டிருந்தார்.

“வந்து பாருடா இத! இது பலகையா, எலி கடிச்ச ரொட்டியா?” கதவைத் தோளால் முட்டிப் பிடித்துக்கொண்டு பலகையை நீட்டினாள். “போன வருஷம் அந்தப் பக்கம் நாலு. சரி, வேலைக்குன்னாரு, விட்டேன். இன்னைக்கு விடியறதுக்குள்ள இந்த மூலையும் போச்சு. வெங்காயம் வெட்டுனா பாதி தரையில விழுது. குனிஞ்சு பொறுக்க யாரு, என் மாமியாரா வருவாங்க?”

அவன் பலகையை வாங்கினான். பழைய வெட்டுகள் நான்கும் மஞ்சளேறி மழுங்கியிருந்தன. ஐந்தாவது பால்போல் வெள்ளையாக இருந்தது. விரலால் தடவியபோது பொடி ஒட்டியது. பாத்திரம் கழுவும் தொட்டியோரத்திலும் அதே பொடி, தண்ணீர் ஊற்றியும் போகாமல் இருந்தது.

“ஏன்டா பேயறைஞ்ச மாதிரி நிக்கற? பலகைதானே, வேற வாங்கிக்கலாம் விடு.”

பட்டறையில் மாமா வாசலிலேயே நின்றிருந்தார். முகம் கழுவித் தலை வாரி, ஏதோ நல்ல காரியத்துக்குக் கிளம்பியவர்போல. அவனை மேசைக்கு இழுத்துப்போய்க் காலுறையைக் கவிழ்த்தார்.

“எண்ணிக்கோ. டிராயருக்குப் பின்னால விழுந்து கெடந்துச்சு. உன்னால எனக்கு ஒரு பொட்டுத் தூக்கமில்ல.”

நான்கு. மூன்று எண்ணெய் குடித்துப் பழுத்திருந்தன. வால்வுக் கதவு கடித்துக் கடித்து ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. நான்காவதன்மேல் எண்ணெய் தடவியிருந்தார். ஆனால் அதன் விளிம்பு விரலை அறுத்தது. நடுவில் பள்ளம் இல்லை.

மாமா அவன் கையைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கிடைச்சிடுச்சா மாமா. நல்லதாப் போச்சு,” என்றான்.

எட்டரை. அவன் போய்த் தன் முக்காலியில் உட்கார்ந்தான். சோதிக்க எதுவும் இல்லை. ஊசி சும்மா நின்றது. சொன்னால் அக்கா எங்கே போவாள்? சொல்லாவிட்டால்? கிணற்றடியில் நிற்கிற யாரோ ஒருவன், அவனும் ஏதோ ஒரு வீட்டு ஹாலில் படுத்து எழுந்து வந்தவனாக இருப்பான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் மூக்கில் இடித்தது.

ஊசிப் பெட்டிக்குப் போகிற மெல்லிய குழாயில் ஒரு சின்னத் திருகு உண்டு. அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முன்பிருந்த சோதனைக்காரன் அதைக் காட்டிக் கண்ணடித்திருக்கிறான். “இத மூடிட்டா ஊசிப் பக்கம் இருக்கற அழுத்தம் வெளிய போக வழியில்லாம அங்கயே மாட்டிக்கும். நீ வால்வையே கழட்டி எடுத்துட்டுப் போனாலும் கோடு பாட்டுக்கு நேரா போகும். பதினஞ்சு நிமிஷம் மிச்சம்.” அந்தத் திருகை இதுவரை அவன் தொட்டதில்லை.

ஒன்பது மணிக்கு எழுந்து டார்ச்சின் கண்ணாடி அறைக்குள் போனான்.

“சார், அந்த ஆறு வால்வையும் அனுப்பாதீங்க.”

“ஏன்?”

“கோடு பொய் சார். ஊசிக் குழாயத் திருகி மூடிட்டேன். வால்வ அஞ்சு நிமிஷத்துலயே எடுத்துட்டேன்.”

டார்ச்சின் விரல் சட்டைப் பையில் தட்டுவதை நிறுத்தியது. “யாரு? நீயா?”

“ஆமா சார்.”

“பதினஞ்சா?”

“ஆமா சார்.”

“எத்தனை வால்வுல?”

“ஆறுலயும்.”

“எதுக்குடா?”

இதற்குப் பதில் யோசித்து வைக்க மறந்திருந்தான். “கால் வலிச்சுது சார்,” என்றான்.

டார்ச் அவனை நிமிர்ந்து பார்த்தார். கோபத்தைவிட, சொந்தக்காரன் ஒருவன் கடையில் திருடி மாட்டிக்கொண்டதைப் பார்க்கிற கூச்சம்தான் அந்த முகத்தில் அதிகம் இருந்தது. பிறகு போனை எடுத்து லாரியை நிறுத்தச் சொன்னார்.

பெட்டி அடிக்கிற அக்கா ஆணிகளைப் பிடுங்கினாள். ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு வார்த்தை. “கால் வலியாம். எனக்கு முதுகு வலி, நான் என்ன ஆணியப் பாதியிலயா விட்டேன்? மூஞ்சியப் பாத்தா பச்சப் புள்ள. ஈ கூட ஓட்டாதவன்னு ஊரெல்லாம் சொன்னேனே, என்னைச் சொல்லணும்.”

அவனைத் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு வெளியே நிற்கச் சொல்லியிருந்தார்கள். மூடியைத் திருகிக் கழற்றி உள்ளே துடைப்பது மாமாவின் வேலை. துடைத்த பிறகு டார்ச் குனிந்து வெளிச்சம் அடித்துப் பார்ப்பார். பிறகு வேறொரு சோதனைக்காரன் அழுத்தம் ஏற்றுவான்.

மாமா அவன் பக்கம் திரும்பவே இல்லை. முதல் வால்வு. கை துணியோடு உள்ளே போய் வந்தது. ஒன்றுமில்லை. இரண்டு. மூன்று. நான்காவதைத் திறந்தபோது மாமாவின் கழுத்து முழுக்க வியர்த்திருந்தது. பட்டறைக்குள் வாய் திறந்தால் புகை வருகிற குளிர்.

ஐந்தாவது. துணியைச் சுருட்டிக் கையை முழங்கை வரை விட்டார். கை நின்றது.

குழாய்க்குள் சின்னதாக ஒரு சத்தம், உதட்டைச் சப்புக்கொட்டியதுபோல. ஸ்பிரிங் கதவு தன் இடத்தில் போய் உட்கார்ந்த சத்தம். ஒன்றரை வருடமாக அதைக் கேட்டு வந்த பதினஞ்சுக்கு அது வேறு எதுவாகவும் இருக்க முடியாது. மாமா கையை வெளியே எடுத்தார். மற்ற நான்கு முறையும் துணியைக் கூடையில் போட்டவர், இதைக் கால்சட்டைப் பக்கப் பையில் திணித்துக்கொண்டார்.

டார்ச் வந்து குனிந்து வெளிச்சம் அடித்தார். “சுத்தம். கதவு நல்லா உக்காந்திருக்கு. அடுத்தது.”

மாமா அடுத்த பெட்டிக்குப் போனார். போகிற வழியில் ஒருமுறை நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அவ்வளவுதான்.

மதியத்துக்குள் ஆறும் தேறின. ஆறு கோடும் நேர்க்கோடு. டார்ச் அவற்றை மேசையில் பரப்பி, பக்கத்தில் அவன் கையெழுத்துப் போட்ட ஆறு தாளையும் வைத்தார்.

“எல்லாம் நல்லாத்தான் இருந்திருக்கு. ஒழுங்கா உக்காந்து பாத்திருந்தாலும் இதே கோடுதான் வந்திருக்கும். எதுக்குத் தம்பி ஏமாத்துன?”

அவன் தன் கையெழுத்துகளைப் பார்த்தபடி நின்றான்.

“நீயா வந்து சொன்ன, அதனால போலீசு கீலீசுன்னு போகல. ஆனா கோட்டுல பொய் சொன்னவன உள்ள வச்சுக்க முடியாது. எந்த வால்வுப் பட்டறையிலயும் இனிமே எடுக்க மாட்டாங்க, எல்லா இடத்துக்கும் உன் பேர் போயிடும். உன் மாமா ரொம்ப நல்ல மனுஷன். அவர நெனச்சாதான் சங்கடமா இருக்கு.” கையை நீட்டினார். அவன் அட்டையைக் கழற்றிக் கொடுத்தான்.

மாலை பஸ்ஸில் அவனும் மாமாவும் கடைசி இருக்கையில் உட்கார்ந்தார்கள். முன்னால் எல்லோரும் பேச்சைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

“ஏன்டா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?” என்றார் மாமா.

“சொன்னேனே மாமா. நீங்க நாலு எண்ணிக் காட்டுனீங்க.”

இரண்டு நிறுத்தம் கடந்தது. மாமா தொடையில் புடைத்திருந்த பையின்மேல் கையை வைத்திருந்தார்.

“நான் போய் உண்மையச் சொல்லிடறேன். திங்கக்கிழமை காலையில.”

“சொல்லிட்டு அக்காவ எங்க உக்கார வைப்பீங்க?”

மாமா இன்னொரு முறை சொல்வார் என்று இறங்குகிறவரைக்கும் அவன் காத்திருந்தான்.

பெட்டி அடிக்கிற அக்காவுக்குக் கீழ் மாடியில்தான் வீடு. அவர்கள் படியேறி வருவதற்குள் செய்தி ஏறிவிட்டிருந்தது. கதவைத் திறந்த அவன் அக்கா வழி விடாமல் நின்றாள்.

“பதினஞ்சு நிமிஷம். பதினஞ்சே நிமிஷம் உன்னால ஒரு இடத்துல உக்கார முடியலையாடா? நான் மூணு வாரமா உக்காந்திருக்கேன் இந்தப் பொந்துல! அம்மாகிட்ட என்னன்னு சொல்லுவ? கால் வலிச்சுதுன்னா? இவரு எத்தனை பேர்கிட்ட நின்னு உனக்கு இந்த வேலைய வாங்குனாரு தெரியுமா? பாரு, அந்தச் சுவத்தப் பாரு. எட்டு மாசம் ஒரு கீறல் இல்லாம வேலை செஞ்ச மனுஷன். அவர் மானத்தையும் சேத்துல்ல வித்துட்டு வந்திருக்க!”

“விடு, போதும்,” என்றார் மாமா.

“நீங்க சும்மா இருங்க. உங்க மனசு யாருக்கு வரும்? இனிமே அங்க தலை நிமிந்து நடக்க முடியுமா உங்களால?”

மாமா குளியலறைக்குள் போய்விட்டார். அழுக்குத் துணி வெளியே வந்து விழுந்தது. அக்கா மூச்சு வாங்க அதை அள்ளிக்கொண்டு, ஹால் மூலையில் இருந்த வாஷிங் மெஷினுக்குப் போனாள். திட்டு நிற்கவில்லை. கை மட்டும் பழக்கத்தில் ஒவ்வொரு பையாகத் துழாவியது. ஆணி, சீட்டு, ஏதாவது இருக்கும் என்று எப்போதும் பார்ப்பாள்.

“ஒரு வார்த்தை, கால் வலிக்குதுக்கான்னு என்கிட்ட சொல்லியிருந்தா, நான் தைலம் தேச்சு...”

நின்றுவிட்டாள்.

எண்ணெய்த் துணி அவள் கையில் பிரிந்திருந்தது. நடுவில் ஒரு வெள்ளைத் துண்டு, பழுப்பேறி, குறுக்கே ஆழமான பள்ளத்தோடு. அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். எத்தனை வருடம் அதன்மேல் வெங்காயம் வெட்டியிருப்பாள், அவளுக்கா தெரியாது.

குளியலறைக் கதவு திறந்தது. மாமா ஈரத் தலையோடு நின்றார்.

“சக்கரத்துக்கு மூணு பல்லுதான் இருக்குன்னு நேத்து சொன்னான்,” என்றாள் அக்கா மெதுவாக. “இதுதான் நாலாவதா?”

மாமா தரையைப் பார்த்தார். தம்பி ஜன்னலைப் பார்த்தான். அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெஷின்மேல் கையூன்றி, மெல்ல முக்காலியில் உட்கார்ந்தாள். உள்ளே பிள்ளை உதைத்திருக்க வேண்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

மேசைமேல் அவன் போன் அடித்தது. அம்மா. வெள்ளிக்கிழமை இந்த நேரத்துக்கு அம்மா கூப்பிடுவாள். அவன் கை நீட்டுவதற்குள் அக்கா எடுத்துவிட்டாள்.

“நான்தாம்மா... நல்லா இருக்கேன், புள்ளயும் நல்லா உதைக்குது... அம்மா, தம்பி அங்க வர்றான். இல்லல்ல, ஒரு தப்பும் இல்ல. இந்தக் குளிர் அவனுக்கு ஒத்துக்கல, நெஞ்செல்லாம் சளி. நான்தான் போன்னு சொன்னேன். வேலையா, வேலை என்ன வேலை, அங்க கிடைக்காத வேலையா.” தொண்டையைச் செருமினாள். “அவன்கிட்டயா? குளிக்கப் போயிருக்கான்மா. வந்ததும் பேசச் சொல்றேன்.”

அவன் இரண்டடி தள்ளி, நனையாத தலையோடு நின்றுகொண்டிருந்தான்.

போனைக் கவிழ்த்து வைத்தாள். எழுந்து போய்ச் சமையலறைக் கதவை முழுக்கத் தள்ளினாள். குனிய முடியாததால் பல்லைத் தரையில் நழுவவிட்டு, கட்டைவிரலால் கதவுக்கடியில் நகர்த்தி, குதிகாலால் ஓங்கி ஒரு உதை விட்டாள். கதவு திரும்பி வந்தது, அதன்மேல் ஏறி முனகி நின்றது.

“தட்ட எடுத்து வைங்க, ரெண்டு பேரும்,” என்றாள் உள்ளேயிருந்து. “சோறு ஆறுது.”

அவன் மூன்று தட்டு எடுத்து வைத்தான். அன்று சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் அந்தக் கதவு சாத்திக்கொள்ளவில்லை. மேலே ஸ்பிரிங் கை மட்டும் அதை விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தது.